சென்ற மாதம் சென்றவர்கள்

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் பீர் முகம்மது வைத்திருந்த பழைய பேப்பர் கடைக்கு உலகச் செய்தி வந்து சேர ஒரு வாரம் ஆகும். வந்தாலும் வரிசையாக வராது. பஞ்சாலை ஆபீஸிலிருந்து ஆங்கிலப் பேப்பர் சனிக்கிழமைதோறும் கட்டாக வரும். வக்கீல் வீட்டிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வரும். சலூன்காரர்கள் தங்களுக்குத் தோன்றும்போது, முடி ஒட்டிய தமிழ்ப் பேப்பரைக் கொண்டுவந்து போடுவார்கள். எல்லாம் ஒன்றாகக் கலந்து, கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் சரக்கு போட்டு வைக்கும் கிட்டங்கியில் கிடக்கும். பலசரக்குக் கடைக்காரர்கள் பொட்டலம் மடிக்க வாங்கிப் போகும்வரை அங்கே தேதிக்கு மரியாதை கிடையாது. மேலே கிடக்கும் பேப்பரில் ஒரு மனிதர் அடக்கமாகியிருப்பார். அதற்குக் கீழே கிடக்கும் பேப்பரில் அதே மனிதர் ஆஸ்பத்திரியில் உடல் தேறி வருவார்.

இந்தக் குழப்பத்தைத் தேதிவாரியாகப் பிரித்து அடுக்குவது பீர் முகம்மதுவின் மகள் மெஹருன்னிசாவுக்குப் பிடித்த காரியம். யாரும் சொல்லிச் செய்யவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பகலெல்லாம் உம்மா மெஹராஜ் பேகத்தோடு உட்கார்ந்து தீப்பெட்டிக்கு அட்டை ஒட்டுவாள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்தால் கிட்டங்கிக்குள் போய்விடுவாள். ஒரு மாதத்துப் பேப்பரை அடுக்கி முடிக்கும்போது, அந்த மாதம் உலகத்தில் பெயர் பெற்றவர்கள் யார் யார் காலமானார்கள் என்ற பட்டியலும் அவள் கையில் இருக்கும். அவர்கள் எப்படி இறந்தார்கள் என்று அவள் எழுதுவதில்லை. அது பேப்பரிலேயே இருக்கிறது. அவர்கள் என்ன செய்தார்கள், அந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்பதைத்தான் எழுதுவாள். பாலம் கட்டியவர் செத்திருந்தால், பாலம் ஏன் விழாமல் நிற்கிறது என்று எழுதுவாள்.

அது ‘சிறுபொறி’ என்ற கையெழுத்து இதழில், ‘சென்ற மாதம் சென்றவர்கள்’ என்ற தலைப்பில், மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தது. கீழே ஹுமாயூன் என்று பெயர் இருக்கும். ஹுமாயூன் அவளுடைய அண்ணன். அவள் காக்கா என்று கூப்பிடுவாள்.

‘சிறுபொறி’யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது மாதத்துக்கு ஒரே ஒரு பிரதிதான். பஞ்சாலையில் மெஷின் பிட்டராக இருந்த சீனி அதை நடத்தினார். தாள்களை மடித்துத் தைத்து, மேலட்டைக்கு அவரே படம் போடுவார். எட்டுப் பேர் எழுதுவார்கள். ஐந்தாம் தேதி கோவில்பட்டியில் கிளம்பும் இதழ், வீட்டுக்கு அரை நாளாகக் கைமாறி, பஸ்ஸில் கழுகுமலைக்குப் போய், பிறகு இடைசெவலுக்கு வந்து, கடைசியாகச் சைக்கிளில் எப்போதும்வென்றான் என்ற ஊருக்குப் போய்த் திரும்பும். பின்னால் பன்னிரண்டு பக்கம் வெறுமையாக விட்டிருப்பார்கள். படித்தவர்கள் அதில் கருத்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அச்சடித்த பத்திரிகை எதற்கும் இல்லாத ஒரு சட்டம் அதற்கு இருந்தது. யாராவது ‘ஆட்சேபணை’ என்று தலைப்பிட்டு எழுதிவிட்டால், கட்டுரையை எழுதினவரே அதற்குக் கீழே பதில் எழுத வேண்டும். இதழ் ஆட்சேபித்தவரிடம் திரும்பப் போகும். அவர் பதிலைப் படித்து ‘ஒப்பு’ என்று எழுதினால்தான் அந்த இதழ் சீனி வீட்டுத் தகரப் பெட்டிக்குள் போகும். அதுவரை அடுத்த இதழுக்குத் தாள் தைக்கக் கூடாது. எள்ளுக்கு எத்தனை உழவு என்ற தகராறில் ஒருமுறை ஏழு வாரம் இதழ் நின்றுபோயிருக்கிறது. சீனி அசைந்து கொடுக்கவில்லை.

மெஹருன்னிசா தன் பெயரைப் போடாததற்குக் காரணம் கருவாடு. பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா நோட்டீஸில், கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு என்று அவள் பெயர் அச்சாகியிருந்தது. பீர் முகம்மது அந்த நோட்டீஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். இரண்டே வாரத்தில், மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் அதே நோட்டீஸில் நெத்திலிக் கருவாடு மடித்து அவர் கையிலேயே கொடுத்தார். மகள் பெயரின்மேல் எண்ணெய் ஊறியிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, “இனிமே எம் மக பேரு எந்தக் காயிதத்துலயும் வரக் கூடாது. காயிதம் கடைசில எங்கன போவும்னு எனக்குத் தெரியும்” என்று சொன்னார். அவர் தொழிலுக்கு அது நியாயமான பேச்சுதான். உம்மாவுக்கு ‘சிறுபொறி’ விஷயம் தெரியும். வாப்பாவுக்குத் தெரியாது.

ஆக, அவள் தீப்பெட்டி லேபிளின் பின்பக்கத்தில் எழுதுவாள். ஹுமாயூன் அதைத் தன் கையெழுத்தில் தாளில் படியெடுத்துச் சீனியிடம் கொடுப்பான்.

1966 ஜனவரி நோன்பு மாதத்தில் வந்தது. பதினோராம் தேதி காலை ரேடியோ, தாஷ்கண்டில் பிரதமர் சாஸ்திரி காலமான செய்தியைச் சொன்னது. தெருவில் கடைகள் ஒவ்வொன்றாகப் பலகை போட்டன. வாரத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று நாட்டைக் கேட்டவர் அவர். கோடிப் பேர் ஆளுக்கொரு வேளை விட்டால் எத்தனை மூட்டை தானியம் மிஞ்சும் என்று மெஹருன்னிசா கணக்குப் போட்டு எழுதினாள். பெருநாளை ஒட்டி இன்னொரு இடி விழுந்தது. அணு விஞ்ஞானி ஹோமி பாபா போன விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோதிவிட்டது.

இந்த இரண்டும் ஊருக்கே தெரிந்தவை. மற்றவர்களைப் பேப்பர் குவியலிலிருந்துதான் தோண்ட வேண்டியிருந்தது. நைஜீரியாவின் முதல் பிரதமர் பலேவா ராணுவக் கலகத்தில் கொல்லப்பட்டார். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். அவர் உடல் கிடைத்த செய்தி அவளுக்கு முதலில் வந்தது, அவரைக் காணோம் என்ற செய்தி மூன்று நாள் கழித்து வந்தது. சாஸ்திரி இறந்த அதே தேதியில் வேறு இருவரும் போயிருந்தார்கள். ஒருவர் ஜியாகொமெட்டி என்ற சிற்பி. சாயங்கால வெயிலில் கரிசல் காட்டில் விழும் நிழல்போல மெலிந்து நீண்ட மனிதர்களைச் செய்தவர். இன்னொருவர் கொலெமைனென், பின்லாந்து ஓட்டக்காரர், கொத்தனார் வேலை பார்த்தவர். ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கி, உலக யுத்தம் ஒன்று வந்து போன பின், எட்டு வருடம் கழித்து நாலாவதும் வாங்கினார்.

அவளை நிறுத்திப் பிடித்தது இரண்டு விரல்கடை உயரமே இருந்த ஒரு ருஷ்யச் செய்தி. கொரலியோவ் என்பவர் மாஸ்கோவில் இறந்துவிட்டார். முதல் ஸ்புட்னிக்கையும், மனிதனை முதன்முதலில் விண்வெளிக்கு ஏற்றிப்போன ராக்கெட்டையும் அமைத்தவர் அவர்தான். உயிரோடு இருந்தவரை அவர் பெயரை அரசாங்கம் வெளியே சொல்லவில்லை. தலைமை வடிவமைப்பாளர் என்றுமட்டும் எழுதுவார்கள். இறந்த பிறகுதான் உலகத்துக்கு அவர் பெயர் தெரிந்தது. மெஹருன்னிசா அந்தச் செய்தியைக் கத்தரித்துத் தன் இங்கிலீஷ் டிக்ஷனரிக்குள் வைத்தாள். அவருக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். ராக்கெட் எப்படிப் போகிறது என்று அதில் விளக்கினாள்.

பட்டியல் பிப்ரவரி ஐந்தாம் தேதி இதழில் போயிற்று. அதோடு ஒரு செய்தியும் போயிற்று. மார்ச் முதல் தேதி ஹுமாயூன் மெட்ராஸுக்குப் போகிறான். பெரியமேட்டில் மாமாவின் தோல் கிட்டங்கியில் வேலை. “எழுதுதவரே போனா பகுதியும் போவும், வேற வழியில்ல” என்று சீனி அவன் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டார். ஹுமாயூன் அதை வீட்டில் வந்து சொன்னபோது மெஹருன்னிசா அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். பசையைத் தொட்ட விரல் காய்ந்து இறுகும்வரை அப்படியே இருந்தாள். மாதத்தில் ஒருமுறை, அவள் எழுதியது முப்பது வீட்டுக்குள் போய் வந்துகொண்டிருந்தது. அவளுக்கு மார்க்கெட் ரோட்டுக்கு அப்பால் இருந்தது அது ஒன்றுதான்.

பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி ஹுமாயூன் இதழைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தான்.

“ஏட்டி மெஹரு, எப்போதும்வென்றான்ல ஒரு ஆளு என்னை நாறடிச்சுருக்கான், பாரு.”

பின்பக்கத்தில், ஏர் உழுத சால்போல அழுத்தமான கையெழுத்தில் எழுதியிருந்தது:

‘ஆட்சேபணை. ராக்கெட்டின் வாலில் வரும் தீ, கீழே உள்ள காற்றை உதைப்பதால் ராக்கெட் மேலே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நூறு மைலுக்கு மேலே காற்று இல்லை என்றே சொல்லலாம் என்று நாலு வரி முன்னால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இல்லாத காற்றை எப்படி உதைக்கும்? நான் கிணற்றுக்கு வெடி வைக்கிறவன். எனக்குத் தீயும் தெரியும், உதையும் தெரியும். இறந்துபோனவரைப் பற்றித் தப்பாக எழுதினால் அவர் வந்து திருத்த மாட்டார். நாம்தான் பார்த்து எழுத வேண்டும். வெயிலுமுத்து.’

மெஹருன்னிசா கட்டுரையைப் புரட்டிப் பார்த்தாள்.

“நான் இப்படி எழுதலையே காக்கா.”

“நீ வண்டி, மூட்டைன்னு என்னமோ ஒரு பக்கம் எழுதிருந்த. இடம் பத்தல. நானா சுருக்கி ஒரு வரி போட்டேன்.”

“அந்த ஒரு வரிதான் தப்பு.”

“இப்ப எனக்கும் தெரியுது. விடு. ‘தவறு, மன்னிக்கவும்’னு எழுதிக் குடுத்துருதேன். எப்படியும் இதான கடைசி?”

“கடைசிங்கறதுக்காகத் தப்போட முடியணுமா? அந்த ராக்கெட்டு மனுசன் பேரு வெளிய வந்து ஒரு மாசந்தான் ஆச்சு. அதுக்குள்ள நாம தப்பா எழுதி வைக்கணுமா?”

“சரி, நீ சொல்லு. நான் எழுதுதேன்.”

அவள் பேனாவை அவன் சட்டைப்பையிலிருந்து உருவிக்கொண்டாள். “எழுதினவுகதான பதில் எழுதணும்? அதான சட்டம்?”

“வாப்பாவுக்குத் தெரிஞ்சா?”

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். வெயிலுமுத்துவின் ஆட்சேபணைக்குக் கீழே, தன் குண்டுக் கையெழுத்தில் எழுத ஆரம்பித்தாள். நீங்கள் சொல்வது சரி, அந்த வரி தவறு என்று முதலில் ஒப்புக்கொண்டாள். பிறகு விளக்கினாள். ராக்கெட் காற்றை உதைப்பதில்லை. தன்னிடம் இருப்பதையே பின்னால் எறிகிறது. நாலு சக்கர வண்டியில் ஒருவர் நின்று, மூட்டையைப் பின்பக்கம் பலமாக எறிந்தால், வண்டி முன்பக்கம் நகரும். மூட்டை எதன்மேலும் மோத வேண்டியதில்லை. கை அதைத் தள்ளும் அந்த நொடியிலேயே மூட்டையும் ஆளைத் தள்ளிவிடுகிறது. ராக்கெட்டுக்கு மூட்டை என்பது எரிந்த புகை.

எழுதி முடித்த பிறகும் அவளுக்குப் போதவில்லை. ஹுமாயூனின் சிகரெட் பெட்டியிலிருந்து ஈயத்தாளைக் கேட்டு வாங்கினாள். அவன் சிகரெட் குடிப்பது தெரியாததுபோல் மூன்று வருடம் இருந்தவள். அவன் அசட்டுச் சிரிப்போடு எடுத்துக் கொடுத்தான். தாளின் பின்பக்கக் காகிதத்தை உரித்தாள். தீக்குச்சியின் மருந்துத் தலையோடு ஒரு குண்டூசியைச் சேர்த்து வைத்து, ஈயத்தாளை இறுக்கச் சுற்றி நுனியை முறுக்கினாள். ஊசியை உருவினாள். ஊசி இருந்த இடத்தில் மெல்லிய குழாய்போல வழி விழுந்தது. இதைச் சாய்த்து வைத்து, தலைக்குக் கீழே இன்னொரு குச்சியைக் கொளுத்திக் காட்டினால், உள்ளே மருந்து பற்றி, புகை அந்த வழியாகப் பின்னால் சீறும். குச்சி முன்னால் பாயும். இப்படி இரண்டு செய்து பக்கத்தின் ஓரத்தில் நூலால் தைத்தாள். ‘கூரை வீட்டுக்கு வெளியே, வைக்கோலுக்குத் தள்ளி வைத்துக் கொளுத்தவும்’ என்று எழுதினாள்.

கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்தது. கிட்டங்கிக்கு அந்தப் பக்கம், தராசில் படிக்கல் விழும் சத்தம் கேட்டது. மெஹருன்னிசா என்று முழுப்பெயரையும் எழுதினாள். 

நான்காம் நாள் காலை பதினோரு மணிக்கு, சீனியின் சைக்கிளும் இன்னொரு சைக்கிளும் கடை வாசலில் வந்து நின்றன. இரண்டாவது சைக்கிளில் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். தோளில் கிடந்த துண்டில் புதிதாக ஓட்டை ஒன்று கருகியிருந்தது.

“பாய், இங்கன மெஹருன்னிசாங்கறது யாரு?”

பீர் முகம்மதுவின் கையிலிருந்த படிக்கல் தராசுக்கு மேலேயே நின்றது. “நீங்க யாரு அண்ணாச்சி?”

“எப்போதும்வென்றான். வெயிலுமுத்து. ஒப்பு போட வந்துருக்கேன். போடாமலும் திரும்பிருவேன். அவிய சொல்லுததப் பொறுத்து.”

“மெஹருன்னிசா எம் மக.”

“மகளா? ஒரு வாத்தியாரம்மான்னுல்லா நெனச்சேன்!”

சீனி இதழைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். பீர் முகம்மது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முழுவதும் படித்தார். கடைசியில் இருந்த பெயரின்மேல் அவர் விரல் போய் நின்றது. கட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஹுமாயூன் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றான்.

“மூணு வருசமா இவந்தான் எழுதுதான்னு நெனச்சேன் பாய். ஏமாத்திப்புட்டான்” என்றார் சீனி.

“நான் எழுதுதேன்னு ஒரு நாளாவது சொன்னேனா அண்ணாச்சி? நீங்களா நெனச்சுக்கிட்டீங்க.”

“நாலு தடவை பொன்னாடை போத்தினேனல்லா, அப்பயாவது சொல்லிருக்கலாம்ல?”

கிட்டங்கிக் கதவுக்குப் பின்னால் நின்ற மெஹருன்னிசாவுக்கு எல்லாம் கேட்டது. உம்மா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். கதவிடுக்கில் பார்த்தபோது வாப்பாவின் விரல் இன்னும் அந்தப் பெயரின்மேலேயே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வெயிலுமுத்துவுக்கு இந்தக் குடும்ப விவகாரத்தில் அக்கறை இல்லை. கதவைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “தாயி, குச்சி நல்லாப் பறந்துச்சு. ரெண்டாவது குச்சி எந் துண்டுல வந்து எறங்குச்சு. அதை விடு. ஆனா அது காத்துலதான பறந்துச்சு? காத்த உதைச்சுத்தான் பறந்துச்சுன்னு நான் சொன்னா நீ என்ன சொல்லுவ?”

நல்ல கேள்வி. அவள் பயத்தை மறந்துவிட்டாள். “வண்டியப் பத்தி எழுதிருந்தேனே அண்ணாச்சி, செஞ்சு பாத்தீங்களா?”

“என்கிட்ட இருக்கது மாட்டு வண்டி. ரெண்டு சக்கரம். மாட்ட அவுத்துட்டு ஏறி நின்னா என்னைய வானத்துக்கே அனுப்பிரும். நாலு சக்கர வண்டிக்கு நான் எங்கன போவேன்?”

எல்லாருடைய கண்ணும் வாசலில் நின்ற தள்ளுவண்டியின்மேல் போயிற்று. பீர் முகம்மது பேப்பர் கட்டு ஏற்றும் வண்டி. நாலு இரும்புச் சக்கரம்.

பீர் முகம்மது இதழை மூடினார். படிக்கல்லைக் கீழே வைத்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“அச்சுக்கு எண்ணெய் விட்டு ஒரு மாசம் ஆச்சு. இப்படியே ஏறினா நகராது” என்று சொல்லிவிட்டு எண்ணெய்க் குப்பியைத் தேடி உள்ளே போனார்.

உம்மா பிடித்திருந்த முழங்கையை விட்டாள்.

எதிரேயிருந்த டீக்கடையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வெயிலுமுத்து வேட்டியை மடித்துக் கட்டி வண்டிமேல் ஏறினார். ஹுமாயூன் பேப்பர் கட்டு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தான். வெயிலுமுத்து அதைப் பின்பக்கமாகப் போட்டார். கட்டு தொப்பென்று விழுந்தது. வண்டி அசையவில்லை.

“போச்சு. ராக்கெட்டு படுத்துருச்சுலே!” என்றார் டீக்கடைக்காரர்.

“பாத்தியா தாயி?”

மெஹருன்னிசா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு கதவைத் தாண்டி, கடையைத் தாண்டி, வாசலுக்கு வந்தாள். “நீங்க கீழ போட்டீங்க அண்ணாச்சி. எறியல. மெதுவாப் போட்டா மெதுவாத்தான் தள்ளும். அந்தக் கொஞ்ச தள்ளலச் சக்கரத்து உரசலே தின்னுரும். நெஞ்சோட அணைச்சு வச்சு, ஒங்க பலம் பூராவும் குடுத்து எறியணும்.”

அவளுக்கு இன்னொன்றும் தோன்றியது. வண்டி நகர்ந்தால் மட்டும் போதாது. எப்போது நகர்ந்தது என்று தெரிய வேண்டும். “சீனி அண்ணாச்சி, நீங்க பேப்பர்க் கட்ட மட்டும் பாருங்க. தரையத் தொட்டதும் கை தட்டுங்க. வாப்பா...” ஒரு நொடி தயங்கினாள். “வாப்பா, நீங்க சக்கரத்த மட்டும் பாருங்க. கை தட்டுததுக்கு முந்தி உருண்டுச்சா, பிந்தி உருண்டுச்சான்னு நீங்கதான் சொல்லணும்.”

பீர் முகம்மது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

ஹுமாயூன் மறுபடி எடுத்துக் கொடுத்த கட்டை வெயிலுமுத்து நெஞ்சோடு அணைத்தார். கிணற்று மேட்டில் கல் தூக்கி எறிந்து பழகிய உடம்பு. ஒரு உறுமலோடு பின்பக்கம் எறிந்தார். வண்டி விருட்டென்று முன்னால் போயிற்று. அவர் தடுமாறி வண்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். சீனி கை தட்டினார்.

எல்லாரும் பீர் முகம்மதுவைப் பார்த்தார்கள். அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முந்தி” என்றார். “கட்டு அந்தரத்துல இருக்கும்போதே உருண்டுருச்சு. சத்தியம்.”

“கட்டு காத்தத் தள்ளிருக்கும். அதுல நகந்துருக்கும்” என்றார் வெயிலுமுத்து, உட்கார்ந்தபடியே. அவர் அவ்வளவு லேசில் விடுகிறவர் இல்லை.

“அப்பச் சரி. கட்டு வேண்டாம். வெறுங் காத்தத் தள்ளிப் பாருங்க. துண்டால வீசுங்க. நகருதான்னு பாப்போம்.”

வெயிலுமுத்து எழுந்து நின்று, ஓட்டை விழுந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்து, கம்பு தூற்றுகிற மாதிரி வீசினார். பத்துத் தடவை வீசினார். புழுதி பறந்தது. வண்டி ஒரு நூல்கூட நகரவில்லை. டீக்கடைக் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“அண்ணாச்சி, அந்த ஓட்டை வழியா காத்துப் போயிருதோ என்னமோ!”

“சிரிக்காதீங்கலே” என்று சொன்னவரும் சிரித்துவிட்டார். பிறகு ஏதோ நினைவு வந்து கீழே இறங்கினார். “தாயி, எங்க மச்சினன் நாட்டுத் துப்பாக்கி சுடும்போது தோள ஒதைக்குமே. அதும் இதானா?”

“அதேதான். குண்டு கொக்குமேல படுததுக்கு முந்தியே ஒதைக்குதா, இல்லையா?”

“ஒதைக்குது. குறி தப்பினாலும் ஒதைக்குது.” அவர் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தார். “அம்புட்டு நாளும் தோள்ல வாங்கிருக்கேன். நினைச்சுப் பாக்கலையே.”

கல்லாப் பலகையில் இதழை விரித்து, வெயிலுமுத்து, தன் உழவுச்சால் கையெழுத்தில் ‘ஒப்பு’ என்று எழுதினார். அதோடு நிறுத்தவில்லை. ‘வண்டியில் நின்று பார்த்தேன். இந்தப் பகுதியை எழுதுகிறவரே தொடர்ந்து எழுத வேண்டும்’ என்றும் சேர்த்தார்.

சீனி தொண்டையைக் கனைத்தார். “பாய், ஒங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்.”

“நான் மொதல்ல கேக்குதேன்” என்றார் பீர் முகம்மது. “இந்த நோட்டு கடைசில எங்கன போவும்?”

“எங்க வீட்டுத் தகரப் பெட்டிக்கு. ஏழு வருசத்து இதழும் உள்ள இருக்கு. நாப்தலீன் உருண்டை போட்டு வச்சுருக்கேன்.”

“எடைக்கு வராதா?”

“எந் தலையப் போட்டாலும் போடுவேனே தவிர, அதப் போட மாட்டேன்.”

“ஒண்ணுதான் இருக்கு? வேற அச்சு, நோட்டீஸு?”

“ஒண்ணே ஒண்ணு.”

பீர் முகம்மது கண்ணாடியைக் கழற்றினார். இருபது வருடமாக மனிதர்கள் எழுதினதையும் அச்சடித்ததையும் எடை போட்டு, பொட்டலத்துக்கு அனுப்பி வந்தவர். பொட்டலத்துக்குப் போகாத காகிதம் ஒன்று ஊரில் இருப்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“கிட்டங்கில பேப்பரு கலைஞ்சு கலைஞ்சு கெடக்குமே. நீதானா?”

“நான் கலைக்கல வாப்பா. தேதிவாரியா அடுக்கினேன்.”

“எலின்னு நெனச்சு ரெண்டு தடவை மருந்து வச்சேன், பாத்துக்க.”

முதலில் சிரித்தது உம்மா, கதவுக்குப் பின்னால்.

“எழுதட்டும்” என்றார் பீர் முகம்மது, சீனியிடம். “ஆனா வெறும் மெஹருன்னிசான்னா யாருன்னு தெரியும்? இந்த அண்ணாச்சி மாதிரி ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுல்லா வரணும். பீ. மெஹருன்னிசான்னு தகப்பன் எழுத்தையும் சேத்துப் போடச் சொல்லுங்க.”

மார்ச் முதல் தேதி ஹுமாயூனை ரயிலேற்றிவிட்டு வந்தார்கள். இரண்டு நாள் கழித்து, சீனி தைத்த தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைப்பை மட்டும் சிவப்பு மையில் எழுதி, மற்றதை வெறுமையாக விட்டிருந்தார். ஒரே பிரதி என்பதால் அடித்துத் திருத்த இடமில்லை. மெஹருன்னிசா மூன்று முறை மூச்சு இழுத்துவிட்டு, முதலில் தன் பெயரை எழுதினாள். மை காய்ந்தபின் பிப்ரவரிப் பட்டியலுக்கு வந்தாள்.

அந்த மாதம் முதல் தேதியில் அமெரிக்காவில் ஒரு சினிமா நடிகர் காலமாகியிருந்தார். பஸ்டர் கீட்டன் என்று பெயர். பேசாத படங்களில் நடித்தவர். படத்தில் முகத்தில் ஒரு சிரிப்பும் காட்டாமலே உலகத்தையெல்லாம் சிரிக்க வைத்தவர் என்று பேப்பர் சொன்னது. சிரிக்காத முகத்தைப் பார்த்தால் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது? அவள் பேனாவை வைத்துவிட்டு நெடுநேரம் யோசித்தாள். துண்டால் காற்றை வீசிக்கொண்டிருந்தபோது வெயிலுமுத்துவின் முகம் எவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. அங்கிருந்து தொடங்கலாம் என்று தோன்றியது. ஒரு முழுப் பக்கமாவது ஆகும்.

ஆகட்டும் என்று எழுத ஆரம்பித்தாள்.